இரண்டு இலை, ஒரு மொட்டு, ஆறு நிமிடம்

மலையகத் தேயிலை கொழும்பு ஏலத்தில் விலைபோவதற்கு முன் பல கட்டங்களில் சோதிக்கப்படுகிறது. செடியடியில் சோதிப்பது விரல் நுனி. கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் தராசும் கண்ணும். தொழிற்சாலையில், தோட்டத்து மக்களின் சொல்லில் ‘ஸ்டோரில்’, டீமேக்கரின் உள்ளங்கையும் மூக்கும். கொழும்பில் தரகு நிறுவனத்துச் சுவைஞரின் நாக்கு. கடைசியில் ஆய்வுகூடத்துக் கருவி. இத்தனையும் முடிந்து வாங்குபவரின் மேசைக்கு வரும் மதிப்பீடு இரண்டு மூன்று சொற்களும் ஒரு விலையுமாகச் சுருங்கிவிடுகிறது. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் ஒரு வாரம் பெய்த மழையும் வீசிய காற்றும், தோட்டக் குடியிருப்பான லயத்திலிருந்து காலையில் இறங்கிப்போன பெண்களின் கைத்திறமும் அந்தச் சில சொற்களுக்குள் இருக்கின்றன.

முதல் சோதனை மலையில் நடக்கிறது. தோட்டத்து வழக்கில் மலை என்றால் இலக்கமிட்டுப் பிரித்த ஒரு தேயிலை நிலத்துண்டு. குருத்தின் மொட்டும் அதற்குக் கீழுள்ள இரண்டு இளம் இலைகளுமே நல்ல தேயிலைக்கு உரியவை. துவர்ப்பையும் நிறத்தையும் தரும் பொலிஃபீனோல்களும் கஃபீனும் அங்கேதான் செறிந்திருக்கின்றன. மூன்றாம் இலை, நான்காம் இலை என்று கீழே இறங்க இறங்க நார் கூடும், சாறு குறையும். ஒரு மலைக்கு ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை கொழுந்துக்குப் போகிறார்கள். சுற்று பிந்தினால் குருத்து முற்றிவிடுகிறது. முந்தினால் எடை சேராது, செடியும் களைத்துப் போகிறது.

இதைப் பறிப்பு என்று மட்டும் சொல்வது போதாது, இது தெரிவு. இரண்டு இலையும் மொட்டுமான ஒரு குருத்து ஒரு கிராமுக்கும் குறைவான எடையுள்ளது. பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு, அதாவது முழு நாட்சம்பளத்துக்கு, கேட்கப்படும் 18 கிலோ கொழுந்தில் 18,000க்கும் மேற்பட்ட குருத்துகள் இருந்தாக வேண்டும். ஒவ்வொன்றிலும் எதை எடுப்பது, எதை அடுத்த சுற்றுக்கு விடுவது, வளர்ச்சி நின்றுபோன குருத்தை எப்படிக் கிள்ளி எறிவது என்று கைகள் நொடிக்குள் முடிவெடுக்கின்றன. மழையில் வழுக்கும் சரிவில், தலைக்கயிற்றில் கூடையைத் தொங்கவிட்டபடி, அட்டைக்கடிக்கு நடுவே இது நடக்கிறது. பின்னால் கொழும்பில் ஒருவர் சுவைத்துப் பார்த்து எழுதும் தீர்ப்பின் பெரும்பகுதி இங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. இலையில் இல்லாத தரத்தை எந்த இயந்திரமும் பின்னர் சேர்த்துவிட முடியாது. உள்ளதைக் கெடுக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதே ஸ்டோரின் வேலை.

கொழுந்து மடுவத்தில் இரண்டாம் சோதனை. அங்கே நிறுவைதான் முதலில் கண்ணுக்குப் படும். ஆனால் தரத்துக்கான பார்வையும் அங்கேயே நடக்கிறது. குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்து, நல்லது, சுமார், முற்றல் என்று பிரித்து, நூற்றுக்கு எத்தனை நல்ல கொழுந்து என்று கணக்கிடுகிறார்கள். மழை நாளில் இலையில் ஒட்டிய நீருக்காகவும் சாக்கின் எடைக்காகவும் கிலோ கழிக்கப்படும். எவ்வளவு கழிப்பது நியாயம் என்பது தோட்டங்களில் நெடுங்காலமாகத் தீராத வழக்கு. கழிவு கூடினால் பேர் அரைப்பேராகிவிடும் என்பதால் தராசு முள்ளைப் பார்க்கும் கண்களில் கவலை இருக்கிறது. அளவையின் நேர்மை இந்த இடத்தில் வீட்டு அடுப்போடு தொடர்புடையது. சாக்கில் இறுக்கி அடைத்த கொழுந்து தன் சூட்டிலேயே வெந்து சிவந்துவிடும். அப்படிச் சிவந்த இலை ஸ்டோரை அடையுமுன்னரே தரத்தை இழந்துவிட்டது. அதனால்தான் கொழுந்து லொறி காத்திருக்கக் கூடாது.

ஸ்டோரில் கொழுந்தை நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று செலுத்தி வாட வைக்கிறார்கள். இது 12 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். வாட்டம் போதுமா என்று பார்க்க ஈரமானிகள் உண்டு. அனுபவமுள்ளவர்கள் இன்னமும் ஒரு பிடி இலையை அள்ளி உள்ளங்கையில் அழுத்திப் பார்க்கிறார்கள். கையைத் திறந்ததும் இலை உடையாமல், உடனே விரியாமலும் உருண்டையாகச் சற்று நின்றால் வாட்டம் சரி. காம்பை மடித்தால் ‘டக்’கென்று ஒடியக்கூடாது. அடுத்து உருட்டு இயந்திரம் இலையின் உயிரணுக்களை நசுக்க, சாறும் காற்றும் கலந்து இலை செம்பு நிறத்துக்கு மாறத் தொடங்குகிறது. உருட்டி, சலித்து, மிஞ்சியதை மறுபடி உருட்டி எடுக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் முதலாம் தூள், இரண்டாம் தூள் என்று பெயர். இலங்கைத் தேயிலை பற்றிய ஆங்கிலத் தொழில் நூல்களிலும் அது ‘தூள்’ தான். துரைமார் எழுதிய கைநூல்களுக்குள் ஸ்டோரின் பேச்சு அப்படியே போய் உட்கார்ந்திருக்கிறது.

நுவரெலியாப் பக்கத்துத் தொழிற்சாலைகள் சிலவற்றில் உருட்டு வேலை நள்ளிரவுக்குப் பின் நடப்பதற்குக் காரணம் குளிர். சூடு ஏறினால் நொதிப்பு விரைந்துவிடும், மணம் பறந்துவிடும். நொதிப்பை நிறுத்தும் கணத்தைத் தீர்மானிப்பது மூக்கு. முதலில் பச்சை இலை வாசம், பிறகு பழம்போன்ற இனிய மணம், அதையும் தாண்டினால் மந்தம். அந்த உச்சத்தில் தூளை அடுப்புக்கு அனுப்ப வேண்டும். சுமார் 20 நிமிடச் சூட்டில் ஈரம் 3 வீதம் அளவுக்கு இறங்குகிறது. நாலரை கிலோ கொழுந்து ஏறத்தாழ ஒரு கிலோ தேயிலையாகிறது. ஒரு பெண்ணின் நாள் முழுவதும் எடுத்த 18 கிலோ, நான்கு கிலோவாகச் சுருங்கிப் பைக்குள் போகிறது.

மறுநாள் காலையில் டீமேக்கரும் தோட்ட அதிகாரியும் முந்தைய நாள் தேயிலையை ஊற்றிப் பார்க்கிறார்கள். இங்கே மலைநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. உயரம் கூடக்கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் நீர், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா நகரில் ஏறத்தாழ 94 பாகையிலும், ஹட்டனில் சுமார் 96 பாகையிலும் கொதித்துவிடுகிறது. ஆகவே ஸ்டோரில் ஊற்றும் சாயமும் கொழும்பில் ஊற்றும் சாயமும் ஒன்றல்ல. மலையில் கொஞ்சம் மென்மையாகத் தெரிவது கீழே இறங்கியதும் முரட்டுத்தனம் காட்டலாம். நல்ல டீமேக்கர் இந்த வித்தியாசத்தை நாக்கில் கணக்குப் போட்டு வைத்திருப்பார். தன் கோப்பையை மட்டும் நம்பாமல், கொழும்பிலிருந்து வரும் அறிக்கையோடு ஒத்துப்பார்த்தே தன் நாக்கைத் திருத்திக்கொள்வார்.

சலித்துப் பிரிப்பது அடுத்த கட்டம். வாங்குபவர்களிடையே மிகுதியாக நிலவும் பிழையான எண்ணம் இதைப் பற்றியது. பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., ஓ.பி., பெக்கோ, டஸ்ட் 1 என்ற பெயர்கள் தரவரிசை அல்ல, துகளின் அளவும் தோற்றமும் மட்டுமே. பெக்கோ என்பது மொட்டின் வெள்ளை மென்மயிரைக் குறித்த சீனச் சொல்லிலிருந்து வந்தது. ஒரேஞ் என்ற சொல்லுக்கும் தோடம்பழத்துக்கும் தொடர்பில்லை. நுவரெலியா, ஹட்டன் பகுதி ஸ்டோர்களில் பெரும்பங்கு பி.ஓ.பி.யும் பி.ஓ.பி.எஃப்.பும்தான். சிறிய துகள் விரைவாகச் சாயம் இறக்கும், பெரிய இலை மெதுவாக. அளவில் பெரியது என்பதால் மட்டும் உயர்ந்ததாகிவிடாது. நல்ல மலையில் நல்ல வாரத்தில் செய்த டஸ்ட் 1, சோம்பலாகச் செய்த பி.ஓ.பி.யை விலையில் முந்துவதுண்டு. நார், காம்பு ஆகியவற்றை மின்னூட்ட உருளைகளும், நிறம் பார்த்துப் பிரிக்கும் கெமரா இயந்திரங்களும் அகற்றுகின்றன.

பைகளில் அடைத்த ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பப்படுகிறது. ஸ்டோரின் சந்தைப் பெயருக்கு மார்க் என்று பெயர். அது தோட்டத்தின் பெயராகவே இருக்க வேண்டியதில்லை. நுவரெலியாவில் பீட்ரூ தோட்டத்துத் தேயிலை ‘லவர்ஸ் லீப்’ என்ற மார்க்கில் அறியப்படுவது தெரிந்த உதாரணம். மாதிரி முதலில் சேர்வது தரகு நிறுவனத்திடம். ஃபோர்ப்ஸ் அண்ட் வோக்கர், ஜோன் கீல்ஸ், ஏசியா சியாக்க போன்றவை இத்துறையில் பெயர்பெற்றவை. ஏலத்துக்கு முன்பே தரகர் தேயிலையைச் சுவைத்து, பட்டியலிட்டு, மதிப்பிட்டு வைக்கிறார். அதே மாதிரி பதிவுபெற்ற வாங்குபவர்களுக்கும் போகிறது. அவர்கள் தங்கள் சுவைஞரைக்கொண்டு தனியாகச் சோதிக்கிறார்கள். விற்பவர் தரப்பு நாக்கும் வாங்குபவர் தரப்பு நாக்கும் ஒரே தேயிலையைத் தனித்தனியே பார்ப்பதில்தான் இந்த முறையின் நம்பகம் தங்கியிருக்கிறது.

சுவை அறை பார்க்க எளிமையானது. நீண்ட மேசை, நேர் வெயில் விழாத ஒளி. வடக்குப் பார்த்த சாளரம் இதற்கு மரபாக விரும்பப்படுகிறது. வெள்ளைப் பீங்கானில் மூடியோடு கூடிய குவளை, அருகே ஒரு கிண்ணம். குவளையின் விளிம்பில் ஓரிடத்தில் பல் பல்லாக வெட்டியிருக்கும். குவளையைச் சாய்த்தால் இலையைத் தடுத்துச் சாயத்தை மட்டும் விட அது போதும். இந்த முறையைச் சர்வதேசத் தர அமைப்பு ஐ.எஸ்.ஓ. 3103 என்ற எண்ணில் 1980இல் வெளியிட்டு, 2019இல் திருத்தியது. 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை, கொதிக்கும் நீர், ஆறு நிமிடம். சிறிய குவளைக்கு இது 2.8 கிராம். பழைய பிரித்தானிய ஆறு பென்ஸ் நாணயத்தின் எடையும் 2.83 கிராம்தான். நாணயத்தையே படிக்கல்லாக வைத்துத் தேயிலை நிறுத்த காலம் ஒன்று இருந்தது.

கேட்டால் இந்த அளவு ஒரு வீட்டுத் தேநீரைவிடக் கடுமையாகத் தோன்றும். அப்படித்தான் இருக்க வேண்டும். குடித்து மகிழ்வதற்கு ஊற்றும் கோப்பை அல்ல அது. குறை எங்கேயாவது ஒளிந்திருந்தால் வெளியே வரவேண்டும் என்பதற்காக ஊற்றுவது. இனிப்பு இல்லை, ஏலம் இல்லை, இஞ்சி இல்லை. பால் சேர்த்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. நல்ல சாயத்தில் பால் விழுந்தால் பொன்னிறமாக ஒளிரும், மந்தமான சாயத்தில் சாம்பல் படிந்த பழுப்பாகிவிடும்.

ஆறு நிமிடம் முடிந்ததும் சாயத்தைக் கிண்ணத்தில் வடித்து, நனைந்த இலையைக் கவிழ்த்த மூடிமேல் கொட்டி வைக்கிறார்கள். சுவைஞர் மூன்றைப் பார்க்கிறார். காய்ந்த தேயிலை: கறுப்பா, பழுப்பா, சீரான அளவா, நார் உண்டா, மொட்டின் நுனி தெரிகிறதா. நனைந்த இலை: புதுச் செம்புக்காசு போலப் பளபளக்கிறதா, பச்சையா, மங்கலா, என்ன மணம். கடைசியாகச் சாயம். கரண்டியில் எடுத்து, பெருத்த ஓசையுடன் காற்றோடு சேர்த்து உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்கிறார். அந்த ஓசை அவசியமானது. சாயம் நுண் துளிகளாகச் சிதறி, வாயின் பின்பக்கம் வழியாக மூக்கை எட்டுவதற்கு வேறு வழியில்லை. நாக்கு சுவையைச் சொல்லும், மணத்தைச் சொல்வது மூக்குத்தான். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கிண்ணங்கள். ஒவ்வொன்றுக்கும் சில நொடிகள்.

அந்த நொடிகளில் பிறக்கும் சொற்களுக்கு ஒரு தனி அகராதி உண்டு. ‘பிரிஸ்க்’ என்பது அதில் தலையாயது. தமிழில் அதைப் புரியவைப்பது எளிது, ஏனென்றால் அறுசுவையில் துவர்ப்பு தனக்கென ஓர் இடத்தைப் பிடித்திருக்கும் மொழி இது. நாக்கை உலர்த்திப் போடாமல், சுருக்கென்று எழுப்பிவிட்டு விலகும் உயிருள்ள துவர்ப்புத்தான் பிரிஸ்க். ‘பிரைட்’ என்பது சாயத்தின் ஒளி. ‘பொடி’ என்பது வாயில் உணரும் கனம். ‘ஃப்ளேவரி’ என்றால் மண்ணுக்கும் பருவத்துக்கும் உரிய மணம் கிடைத்திருக்கிறது என்று பொருள். மலையகத் தேயிலைக்குக் கிடைக்கும் உயர்ந்த பாராட்டு அது.

குறைகளைச் சொல்லும் சொற்கள் இன்னும் பயனுள்ளவை, ஏனென்றால் ஒவ்வொன்றும் ஸ்டோரில் ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டுகிறது. ‘பச்சை’ என்று எழுதினால் வாட்டமோ உருட்டலோ நொதிப்போ போதவில்லை. ‘சொஃப்ட்’ என்றால் நொதிப்பு மிஞ்சிவிட்டது. ‘பேக்கி’ என்றால் அடுப்பின் சூடு கூடியிருக்கிறது. ‘ஸ்டூட்’ என்றால் சூடு குறைந்து, காற்றோட்டமும் போதாமல், தூள் காய்வதற்குப் பதில் அவிந்திருக்கிறது. ‘டெயின்ட்’ என்றால் மண்ணெண்ணெய், பூஞ்சணம், புகை என்று வேற்று வாடை ஏதோ ஏறியிருக்கிறது. ‘பிளெய்ன்’ என்ற சொல் தவறொன்றையும் சொல்வதில்லை, ஆனாலும் விலையில் மிகவும் வலிப்பது அதுதான். சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத தேயிலை என்று அதற்குப் பொருள். மலையிலிருந்து வெகு தொலைவில் ஒரு கரண்டிச் சாயத்தை வைத்துக்கொண்டு, எந்த இரவில் எந்த அடுப்பில் தவறு நடந்தது என்று ஒருவர் சொல்லிவிட முடிகிறது. மனிதப் புலன்களின் இந்தப் பயிற்சி வியந்து போற்றத்தக்கது.

சொற்களுக்குப் பின்னால் வேதியியலும் இருக்கிறது. நொதிப்பில் உருவாகும் தியாஃபிளேவின் சாயத்துக்கு ஒளியையும் கஃபீனோடு சேர்ந்து உயிர்ப்பையும் தருகிறது. தியாருபிஜின் சிவப்பையும் கனத்தையும் தருகிறது. நொதிப்பு நீள நீள முதலாவது குறைந்து இரண்டாவது கூடும். லினலூல், ஜெரானியோல் போன்ற ஆவியாகும் பொருள்கள் பூமணத்துக்குக் காரணம். ஊவாத் தேயிலையின் தனித்த குளிர்ச்சி மணத்தில் மெதைல் சாலிசிலேற்றுக்குப் பங்குண்டு. இவற்றைக் கருவியால் அளக்கலாம், தலவாக்கலை சென்கூம்ஸிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தில் நெடுங்காலமாக இத்தகைய ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் விலையைத் தீர்மானிப்பது இன்னமும் நாக்குத்தான்.

மணம் எல்லா மாதமும் வராது. ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை, அக்கரப்பத்தனை அடங்கிய திம்புளைப் பகுதி மலைகளின் மேற்குச் சரிவில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டித் தீர்க்கும். மாறாக, ஜனவரி முதல் மார்ச் வரை வடகீழ்ப் பருவக்காற்று மலைமுதுகைத் தாண்டி வறண்டு இறங்க, பகல் தெளிந்து இரவு உறையும் குளிராகிறது. குருத்து மெதுவாக வளர்ந்து மணம் செறிகிறது. இதுதான் மேற்குப் பருவம். கிழக்குப் பக்கத்து ஊவாவுக்கு இது தலைகீழ். ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று மழையை மேற்கில் கொட்டிவிட்டு வறட்டுக் காற்றாக அந்தப் பக்கம் இறங்கும்போது அங்கே உச்சம். ஒரே செடி, ஒரே ஸ்டோர், ஒரே டீமேக்கர் இருந்தும் பெப்ரவரித் தேயிலைக்கும் ஜூன் தேயிலைக்கும் நடுவே விலை ஏணி வைத்தாலும் எட்டாத தூரம் போய்விடுவதுண்டு. எனவே எந்த ஒரு தேயிலை மதிப்பீடும் அந்த வாரத்துக்கு மட்டுமே உரியது. போன வருடம் நன்றாக இருந்தது என்பதற்குச் சுவை மேசையில் எந்த மதிப்பும் கிடையாது.

இந்த மதிப்பீடுகளெல்லாம் சேருமிடம் கொழும்பு ஏலம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட 1867க்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1883 ஜூலை 30இல் சமர்வில் நிறுவனத்தில் முதல் ஏலம் நடந்தது. 1894இல் கொழும்புத் தேயிலை வர்த்தகர் சங்கம் உருவானது. இலண்டனின் புகழ்பெற்ற தேயிலை ஏலம் 1998 ஜூனில் மூடப்பட்ட பிறகும் கொழும்பு நின்று நிலைத்தது. கூவி விற்ற ஏலம் 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தோடு கணினித் திரைக்கு மாறியது. ஏலம் முடிந்ததும் தரகர்கள் வெளியிடும் வாராந்த அறிக்கையில் மேற்குத் தேயிலைகள் உயர்ந்தவை, அதற்கு அடுத்தவை, சாதாரணமானவை என்று மூன்றாகப் பிரித்து நிற்கும். நுவரெலியாவுக்குத் தனி வரி. தோட்டத்து அதிகாரி முதலில் தேடுவது தன் மார்க் எந்த வரியில் நிற்கிறது என்பதையே.

ஒரு பொருளை வாங்குபவருக்காகச் சோதிக்கும் எந்தத் துறையிலும் சுவை மேசையின் விதிகள் செல்லும். கணினி விளையாட்டுக்குரிய கிராபிக்ஸ் அட்டைகளைச் சோதிப்பவர்கள் ஒரே கணினி, ஒரே நினைவகம், ஒரே விளையாட்டின் ஒரே காட்சி என்று எல்லாவற்றையும் நிலையாக வைத்து அட்டையை மட்டும் மாற்றுகிறார்கள். சுவை மேசையில் நீர், எடை, நேரம் மூன்றையும் பூட்டிவைத்து இலையை மட்டும் மாற்றுவது போலத்தான். வினாடிக்குச் சராசரியாக எத்தனை படச்சட்டம் என்பதோடு நின்றுவிடாமல், மிக மெதுவாக வந்த ஒரு வீதச் சட்டங்களைத் தனியே பார்ப்பது அங்கே நல்ல சோதனையின் அடையாளம். ஏனென்றால் திணறலை உணர்பவர் சராசரியை உணர்வதில்லை. பத்துக் கோப்பையில் ஒன்பது நன்றாக இருந்து ஒன்று கசந்தால் தேயிலை வாங்குபவரும் அந்த ஒன்றைத்தான் நினைவில் வைப்பார்.

மாதிரியின் நேர்மை பற்றிய கவலையும் பொதுவானது. 2003இல் 3டி மார்க் 03 என்ற சோதனை மென்பொருள் ஓடுவதை என்விடியா நிறுவனத்தின் இயக்கி மென்பொருள் அடையாளம் கண்டு, அந்தச் சோதனையில் மட்டும் மதிப்பெண் கூடும்படி நடந்துகொண்டதாக, அந்தச் சோதனை மென்பொருளைத் தயாரித்த ஃப்யூச்சர்மார்க் அறிக்கை வெளியிட்டது. பின்னர் இரு நிறுவனங்களும் கூட்டறிக்கை விட்டு அந்தக் குற்றச்சாட்டின் கடுமையைத் தணித்தன. ஆனாலும் தயாரிப்பாளர் அனுப்பும் பொருளை அப்படியே நம்பாமல் கடையிலிருந்து வாங்கிச் சோதிக்கும் பழக்கத்தின் மதிப்பு அப்போது விளங்கியது. தேயிலையில் இதற்கு இணையான காவல், மாதிரி மொத்தத் தொகுதியிலிருந்து வரவேண்டும், வாங்கியவர் பையைப் பிரித்து மாதிரியோடு ஒப்பிடலாம் என்ற ஏற்பாடு. ஒன்றில் மட்டும் தேயிலை மேசை பின்தங்கியிருக்கிறது: கிண்ணத்தருகே மார்க்கின் பெயர் பெரும்பாலும் எழுதியே இருக்கும். பெயர் தெரிந்து சுவைக்கும் நாக்கு, பெரிய பெயருக்குக் கொஞ்சம் தாராளமும் சிறிய பெயருக்குக் கொஞ்சம் கடுமையும் காட்ட வாய்ப்புண்டு. பெயர் மறைத்துச் சுவைப்பது இன்னும் பரவினால் பெயரில்லாத நல்ல ஸ்டோர்களுக்கு நன்மை.

நாக்கு கண்டுபிடிக்க முடியாதவற்றை ஆய்வுகூடம் பார்க்கிறது. கறுப்புத் தேயிலைக்கான ஐ.எஸ்.ஓ. 3720 தரத்தின்படி நீரில் கரையும் சாறு 32 வீதத்துக்குக் குறையக் கூடாது, நார் 16.5 வீதத்தைத் தாண்டக் கூடாது, சாம்பல் 4க்கும் 8 வீதத்துக்கும் இடையே இருக்க வேண்டும். 1976இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தேயிலைச் சபை இந்த அடிப்படைத் தரத்தைக் கண்காணிக்கிறது. களைநாசினி எச்சம் இன்னும் கடினமான விடயம். 2015இல் கிளைஃபொசேற்று தடைசெய்யப்பட்ட பிறகு தோட்டங்கள் வேறு களைநாசினிகளை நாட, எம்.சி.பி.ஏ. எச்சத்துக்கு ஜப்பான் விதித்திருந்த கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற வரம்பு மணமிக்க மலைநாட்டுத் தேயிலைக்குப் பெரிய தலையிடியானது. 2017 டிசெம்பரில் ஒரு பொதியில் வண்டு ஒன்று காணப்பட்டதற்காக ரஷ்யா தற்காலிகத் தடை விதித்து, மாத இறுதியில் நீக்கியது. எவ்வளவு நல்ல சாயமாக இருந்தாலும் இத்தகைய ஒரு சோதனையில் விழுந்தால் கப்பல் ஏறாது. 2021இல் இரசாயன உரத்துக்கு வந்த தடை வேறு விதமான பாடம். அந்த ஆண்டு ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் உற்பத்தி, 2022இல் 25 கோடியளவுக்கு விழுந்தது.

இவ்வளவு நுணுக்கமான சோதனைச் சங்கிலி திரும்பி வரும்போது ஸ்டோர் வாசலோடு நின்றுவிடுகிறது. தரகரின் அறிக்கை டீமேக்கருக்கு வருகிறது, துரைக்கு வருகிறது, கம்பனித் தலைமையகத்துக்குப் போகிறது. மலையில் நின்ற பெண்ணுக்கு வருவதில்லை. இந்த வாரம் உங்கள் கொழுந்து ‘ஃப்ளேவரி’ என்று எழுதப்பட்டிருக்கிறது என்று, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் சொல்லும் வழக்கமில்லை. அவளுடைய சம்பளமும் கோப்பையின் தீர்ப்போடு கட்டப்பட்டதல்ல. அது தொழிற்சங்கம், கம்பனி, அரசு மூன்றின் இழுபறியில் தீர்மானமாகிறது. நெடிய போராட்டத்துக்குப் பின் 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது, 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. ஏலத்தில் உச்ச விலை கிடைத்த வாரத்திலும் கிடைக்காத வாரத்திலும் மடுவத்தில் கேட்பது கிலோவைத்தான். தரத்துக்கு முதற்காரணமான கை எடைக்கு மட்டும் மதிப்பிடப்படுகிறது. இந்தத் துறையில் உள்ள மிகப் பெரிய அளவைப் பிழை இதுதான். இலங்கைத் தேயிலையின் பெயரைத் தூக்கி நிறுத்த விரும்புவோர் முதலில் திருத்த வேண்டியதும் இதுவே.

கடையில் வாங்குபவரிடம் தரகரின் அறிக்கை இல்லை. பொதியில் உள்ள சிங்க இலச்சினை, தேயிலை முழுவதும் இலங்கையில் விளைந்து இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டது என்பதற்கு உறுதி. எந்த மலையில், எந்த மாதத்தில் செய்தது என்பதைப் பொதியில் தேடிப் பார்க்க வேண்டும், எழுதியிருந்தால் அது நல்ல அறிகுறி. மற்றதைச் சமையலறையில் தெரிந்துகொள்ளலாம். இரண்டு வகைத் தேயிலையை ஒன்றாக வைத்துச் சோதிப்பதே பயன் தரும், ஒன்றைத் தனியாகச் சுவைத்தால் நாக்குக்கு ஒப்பிட ஏதும் இருக்காது. முதலில் ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டியை வெள்ளைத் தாளில் பரப்பி நார், தூசு, நிறம் பார்க்க வேண்டும். பிறகு ஒரே அளவான இரண்டு வெள்ளைக் கோப்பைகளில் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் வீதம் இட்டு, அப்போதுதான் கொதித்த நீரை ஊற்றி, மூடி, ஆறு நிமிடம் கழித்து வடிக்க வேண்டும். சாயத்தின் ஒளி, நனைந்த இலையின் செம்பு நிறம், சீனி இல்லாமல் ஒரு வாய், பிறகு பால் சேர்த்து ஒரு வாய். கொஞ்சம் சாயத்தைப் பால் சேர்க்காமல் ஆறவிட்டால் இன்னொன்றும் தெரியலாம். கஃபீனும் தியாஃபிளேவினும் நிறைந்த நல்ல தேயிலை ஆறும்போது, மேலே பாலாடை கலந்தது போல மெல்லக் கலங்கும். மறுபடி சூடாக்கினால் கலங்கல் மறைந்து சாயம் தெளிந்துவிடும்.